கீழ்வரிசை

பாரமினில் நிலம் படுத்திருப்பதில்லை,
நின்றுகொண்டிருக்கிறது.
உன் வெங்காயத்தாள் பாத்தியில் கால் வழுக்கினால்
அடுத்தவன் பாத்தியில்தான் எழுந்திருப்பாய்.

நான் ஜீப் ஓட்டுகிறேன்.
சனிக்கிழமை விடியுமுன் இரண்டு மணிக்கு
போர்ட் ஆஃப் ஸ்பெயின் சந்தைக்கு முதல் நடை.
முன்சீட்டில் யூலாலி.
பின்னால் மூட்டையோடு மூட்டையாக ஹிப்போலிட்.
பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.
"அந்த ஆளை முழங்காலை மடக்கச் சொல்" என்பாள்.
இரண்டடி தூரத்துக்கு
நான் தபால்காரன்.

எல்லாம் ஷாடோ பெனியால்.

கொத்தமல்லி வாசம்தான்,
ஆனால் கொத்தமல்லி
பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினால் எப்படியோ
அப்படி.
நாக்கு நீள இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல்.
எங்கள் பழைய பாத்துவாவில்
அந்தப் பெயருக்கு 'ஆசி பெற்ற முள்' என்று பொருள்.
ஆசி எனக்குத் தெரியாது.
கட்டுகளை ஏற்றி இறக்குகிறவன்,
முள் தெரியும்.

ஜூனில் பகல் கொஞ்சம் நீளும்.
நமக்குத் தெரியாது, செடிக்குத் தெரிந்துவிடும்.
நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பும்,
உச்சியில் முள்ளுமுள்ளாய்ப் பூ.
பூத்தால் இலை முரடு, யாரும் வாங்கமாட்டார்கள்.
அதனால் யூலாலி காலையிலேயே கத்தரியோடு இறங்குவாள்.
தலையெடுக்கும் முன்னே தலையை எடுத்துவிடுவாள்.

ஒரு வருஷம் சில தண்டுகள் தப்பின.
தூசியைப் போன்ற விதை.
மழை அதைக் கீழே கொண்டுபோய்
ஹிப்போலிட்டின் தைம் செடிகளுக்கு நடுவே விட்டது.
அவன் விதைக்கவில்லை. அறுத்தான், கட்டினான்,
சந்தையில் அவள் மேஜைக்குப் பக்கத்து மேஜையில்
ஒரு டாலர் குறைத்து விற்றான்.

"என் விதை" என்றாள்.
"மழையிடம் போய்க் கேள்" என்றான்.
அவ்வளவுதான், பதினோரு வருஷம்.

போன நவம்பரில் நான்கு நாள் விடாத மழை.
ஐந்தாம் இரவு, லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.
விடிந்து பார்த்தால் ஹிப்போலிட்டின் சரிவு முழுக்க
சாலையில் கிடந்தது.
வீடு மட்டும் மிச்சம்,
சமையலறைக் கதவைத் திறந்தால் ஆகாயம்.
மண்வெட்டியோடு எல்லோரும் போனோம்.
அவள் வரவில்லை.

இந்த ஜூனில்
அவள் தோட்டத்தின் கீழ்வரிசை முழுவதும்
பூத்து நின்றது, முழங்கால் உயரத்துக்கு.
ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன்.
"இடுப்பு பிடித்துக்கொண்டது, குனிய முடியவில்லை."
மேல் ஐந்து வரிசைகளில்
குனிந்து குனிந்து வெட்டிக்கொண்டே சொன்னாள்.

விதை தூவிய ஷாடோ பெனி அவசரப்படாது.
ஒரு மாதம் ஆகும், கூடவும் ஆகும்.
ஆகஸ்டில் ஒரு நடை.
மராவல் இறக்கத்தில், இரண்டாம் கியரில்,
பின்னாலிருந்து ஹிப்போலிட்:
"அந்த அம்மாவிடம் சொல்.
செம்மண்ணில் முளைத்திருக்கிறது."

நான் வாயைத் திறந்தேன்.

"எனக்குக் காது கேட்கிறது" என்றாள் யூலாலி,
சாலையைப் பார்த்துக்கொண்டே.

டிசம்பரில் அவன் மேஜை திரும்ப வந்தது.
ஒரு டாலர் குறைவாகத்தான்.