கலங்கல்

வடிகாலில் ஓடும் நீரின் நிறத்துக்குச்
சம்பளம் வாங்குகிறவன் நான்.
எம்ஆர்டி சுரங்க வேலைத்தளத்தில்
மண்தடுப்புத் துணி கிழிந்திருக்கிறதா,
படிவுத் தொட்டி நிரம்பிவிட்டதா,
கேமராவின் கண்முன்னே
வெளியேறும் தண்ணீர் என்ன நிறம்.
பழுப்பென்றால் அபராதம்.
எங்களுக்குள் ஓர் அளவை உண்டு:
கோப்பி, தே சி, தே ஓ.
வாக்கிடாக்கியில் யாராவது
கோப்பி என்றால் நான் ஓடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில்
புக்கிட் கோம்பாக்கில், எங்கள் புளோக்கின் பின்சரிவில்
எனக்கு நான்கு மீட்டர் நிலம்.
புக்கிட் என்றாலே குன்று;
வீடு மாறும்போது பெயரை யார் யோசிக்கிறார்கள்.
எனக்கு நேர்கோடு பிடிக்கும்.
மேலிருந்து கீழே கயிறு கட்டி
ஆறு பாத்தி.
வெண்டை, மிளகாய், பயற்றங்காய்.
மேலே குழாயைத் திறந்தால்
கடைசிச் செடிவரை தண்ணீர் தானாய்ப் போகும்.
என் சாமர்த்தியத்தை நானே படம் எடுத்துத்
தம்பிக்கு அனுப்பினேன்.

டிசம்பரில் மூன்று நாள் விடாத மழை.
நான்காம் நாள் குடையோடு
வடிகால் ஓரம் நின்றவன்
பழக்கதோஷத்தில் முனகினேன்:
கோப்பி.
பிறகுதான் உறைத்தது
அது யாருடைய தளம் என்று.

ஆறு பாத்தியும் ஆறு ஓடை.
போர்வை போதாமல் தூங்குகிறவன் கால்போல
வெண்டையின் வேர்கள் வெளியே.
அபராதம் எழுத ஒருவரும் வரவில்லை.
அதுதான் கூசியது.

மண் எங்கே போயிற்றென்று தேட வேண்டியிருக்கவில்லை.
பாதி, கீழ்ப்பாத்தித் திருமதி சியோங்கின்
கத்திரிச் செடிகளுக்கு.
திட்டுவார் என்றிருந்தேன்.
"நல்ல மண். உரமெல்லாம் போட்டிருக்கிறாய்.
இன்னும் அனுப்பு" என்றார்.
பிளாஸ்டிக் முறத்தில் ஒரு குவியல் அள்ளி
மேலே இரண்டு கத்திரிக்காய் வைத்து நீட்டினார்.
என் மண்ணையே நான்
கைமாற்றாக வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை, தளத்திலிருந்து
ஒரு ரசமட்டத்தைக் கேட்டு வாங்கி வந்தேன்.
பகலெல்லாம் கான்கிரீட்டைத் தட்டையாக்கும் குமிழி
சரிவுக்கு வந்ததும் வேறு சொன்னது:
சமம் வளைந்தும் போகும்.
மூன்று கம்பைச் சேர்த்துக் கட்டி,
குமிழி நடுவில் நின்ற இடமெல்லாம்
ஓர் ஐஸ்கிரீம் குச்சி.
திரும்பிப் பார்த்தால்
பாம்பு போன தடம்.
நேராக்கிவிடக் கை அரித்தது.
விட்டேன்.

அந்தத் தடத்தில் சுல்கிஃப்லி தந்த செரைப்புல்,
விரல் நுழையாத நெருக்கத்தில்.
பாத்திகள் இப்போது குறுக்கே.
இடையில் சர்க்கரைவள்ளி, இஷ்டப்படி படரட்டும்.
நகர மன்றத்துக்காகப் புல் வெட்டும் ஆலம்கீர்
எறியவிருந்த மூட்டைகளை என் பக்கம் தள்ளினான்;
வெறும் மண் கண்ணில் படாதபடி மூடினேன்.
தண்ணீர் விடுவதுதான் பெரும்பாடு.
ஒவ்வொரு செடியிடமும் நான் போகவேண்டும்.
முதுகு வலிக்கிறது.
இதைப் படம் எடுக்கவில்லை.

நேற்றிரவு மூன்று மணிக்கு இடி.
மின்தூக்கியில் இறங்கி டார்ச்சோடு போனேன்.
மூடாக்கின்மேல் மழை
தலையணையைத் தட்டும் ஓசையில் விழுந்தது.
செரை வரிசைக்கு மேல் தண்ணீர் தயங்கி,
சுமந்ததை இறக்கி வைத்துவிட்டு
வெறுங்கையோடு தாண்டியது.
வடிகாலுக்குள் வெளிச்சம் அடித்தேன்.
தே ஓ.
ஓரத்தில் ஓர் இழை மட்டும் தே சி,
எலி தோண்டிய மூலையிலிருந்து.

காலையில் வேலைக்கு ஓடும்போது
சரிவின் அடியில் திருமதி சியோங்,
காலி முறத்தை உயர்த்திக் காட்டினார்,
வரவேண்டிய பாக்கியைக்
கேட்கிறவர்போல.