கண்ணைத் தரமாட்டேன்

மன்தல்-ஓவோ, பிப்ரவரி.
பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தாறு.
ஒட்டக ரோமச் சட்டையைக் கழற்றினால்
இருட்டில் படபடவென்று பொறி.
அழகுதான்.
அதில் ஒன்று போதும்,
விரல் நீளமே உள்ள இந்த மாட்யூலுக்குள்
சத்தமில்லாமல் ஒரு சாவு விழ.

அதனால் பருத்திச் சட்டையோடு நடுங்குகிறேன்.
மணிக்கட்டில் பட்டை, பட்டையிலிருந்து சுருள்கம்பி,
கம்பியின் மறுமுனை இரும்புச் சட்டத்தில்.
"மேயவிடாமல் கட்டிப்போட்ட குதிரை நீ"
என்கிறான் ஷிஜிர் போனில்,
எழுபது கிலோமீட்டர் உறைந்த சரளைக்கு அப்பால்,
ஹீட்டர் பக்கத்தில்.

வண்டியில் வந்த உறையை உடனே பிரிக்கக்கூடாது.
அறைச் சூட்டைப் பழகட்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்க்கும்.
அரைமணி நேரம்.
அதற்குள் டாக்டர் ஸொல்சாயா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்:
குதிரையிலிருந்து விழுந்த பையன்,
எக்ஸ்ரே எடுத்தாயிற்று, தலைநகரில் பார்க்கவேண்டும்,
படம் நகரவில்லை.
உறை இன்னும் சில்லென்றிருக்கிறது.
நான் என்ன செய்ய?

"என் பக்கம் லேசரை நிறுத்திட்டேன், சத்தியமா."
அவன் சத்தியத்தை நம்புவேன்.
கண்ணைத் தரமாட்டேன்.
சூரியன் பட்டால் இமை தானே மூடும்.
இந்த ஒளிக்கு நிறமில்லை, இமைக்குச் சேதி போகாது,
எரிந்த பிறகும் வலிக்காது.
மூடியைக் கழற்றிய நொடியிலிருந்து
இழையின் முனை சுவரைத்தான் பார்க்கிறது.

துடைப்பான், ஒரு சொடுக்கு. இன்னொன்று.
வாயால் ஊதமாட்டேன்,
என் மூச்சிலும் அழுக்கு உண்டு.

துளைக்குள் தள்ளினேன். பாதியில் நின்றது.
பலம் கேட்கிறது என்றால்
தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம்.
திருப்பினேன்.
டக்.
இழைகளைச் செருகினேன்.

விளக்கு எரியவில்லை.

மறுபடி துடைத்தேன்.
அனுப்பும் இழையையும் வாங்கும் இழையையும்
இடம் மாற்றினேன், பழையபடி வைத்தேன்.
இருட்டு.
மூன்றாம் முறை டாக்டரின் அழைப்பு.

"ஷிஜிர்,
உன் பக்கத்து ரப்பர் மூடியை எடுத்தாயா?"

நாற்காலி நகரும் ஓசை.
ஏதோ கீழே விழுந்து உருளும் ஓசை.
பிறகு
பச்சை.

அவன் எதுவும் சொல்லவில்லை. நானும்.
பையனுக்குத் தோள்பட்டை எலும்பாம்,
விடிவதற்குள் சேதி வந்தது.

என் சட்டைப்பையில் இரண்டு மூடிகள்.
எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.
அடுத்த முறை இவை வேண்டும்.