நான் என்று சொல்வது

விதி எளிது.
மருத்துவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்பேன்.
தாய் ‘நான்’ என்றாலும் அப்படியே.
ஒரு சொல் கூட்டக்கூடாது, ஒரு சொல் விழுங்கக்கூடாது.
நாள் முழுக்க ‘நான், நான்’ என்று பேசுகிற வேலை.
அதில் நான் மட்டும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்து.
வெரிபீயில் என் சமையலறை மேசைக்கு
டாண்டினோங் பல் மருத்துவமனையிலிருந்து அழைப்பு.
பிள்ளை மிதுஷன், ஐந்து வயது.
தாய் ரஜிதா. மருத்துவர் ட்ரான்.
நாற்காலி சாய்கிறது. கையுறை இழுபடுகிறது.
எவர் முகமும் தெரியாது எனக்கு.
காதுக்குள் திறந்து கிடக்கிறது
ஒரு சின்ன வாய்.

மேல் முன்பல் நாலிலும் சூத்தை என்கிறேன்.
‘பூச்சியோ?’ என்கிறாள்.
பூச்சியை அப்படியே ஆங்கிலத்தில் வைக்கிறேன்.
அங்கே அது ஆறு காலோடு ஊர்ந்து போகிறது.
‘பூச்சி இல்லை,’ கொஞ்சம் பொறுத்து ட்ரான்,
‘சீனி. சீனியைத் தின்கிற கிருமி.
கிருமி கக்குகிற அமிலம்.’

எக்ஸ்ரேயில் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றின் கறுப்பு
நரம்பு வரை போயிருக்கிறதாம்.
முரசில் கடுகளவு கொப்புளம்.
‘விழுகிற பல்லுத்தானே?’
‘விழும். ஆனால் பத்து வயது வரை நிற்க வேண்டியது.’
பிறகு, தாளில் எழுதிக்கொண்டே போல,
‘இரவில் போத்தலோடு தூங்குவானா?’

‘இல்லை. போத்தல் எப்பவோ விட்டாச்சு.’

கேள்வி முடியுமுன் வந்த பதில்.
அந்த அவசரத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

அப்போது பிள்ளை பேசினான். ஆங்கிலத்தில்.
வாய்க்குள் பஞ்சு இருந்திருக்க வேண்டும்.
அறையில் எவர் என்ன பேசினாலும் மாற்றித் தரவேண்டும்,
அதுவும் விதி.
ஆகவே அவன் தாயிடம், அவன் ‘நானாக’, சொன்னேன்:
‘என்னட்ட ஒரு போத்தல் இருக்கு. நீலம். மைலோ போட்டது.
அம்மா வேலைக்குப் போற இரவுகளில்
நான் அழாமலிருக்க அப்பா தருவார்.’

எச்சில் உறிஞ்சும் குழாயின் சத்தம்.
வேறொன்றும் இல்லை, நெடுநேரம்.

‘கீரை பைக்குள்ள அடைக்கிற வேலை,’ என்றாள் ரஜிதா,
‘இரவு பத்தில இருந்து ஆறு. இவன் அழுதால்
கீழ்வீட்டுக்காரர் சுவரில தட்டுவினம்.’

‘குற்றம் சொல்லக் கேட்கவில்லை,’ என்றார் ட்ரான்.
நல்ல மனுஷிதான்.
ஆனால் தமிழில் அதைச் சொல்ல
குற்றம் என்ற சொல்லை நான்
வாயில் எடுக்க வேண்டியிருந்தது.

கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டும்,
மயக்க மருந்து கொடுத்து. வரிசை நீளம், கடிதம் வரும்.
முன்பற்களுக்கு ஒரு வெள்ளி மருந்து.
ஊசி இல்லை, துளைத்தல் இல்லை, தடவினால் சரி.
சூத்தை நிற்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்,
நிறுத்தினேன்.
நிற்கும் என்றால் நம் மொழியில்
போகாமல் அங்கேயே இருக்கும் என்றும்தானே?
‘இதுக்கு மேல பரவாது,’ என்றேன்.
‘ஆனால் தடவின இடம் கரி மாதிரிக் கறுக்கும்.
பல்லு விழும்வரைக்கும் கறுப்புத்தான்.’

சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா தெரியவில்லை.
‘கண்ணூறு படாமல் கன்னத்தில வைச்ச பொட்டை
இனிப் பல்லில வைக்கப் போறாவாக்கும்.
வைக்கச் சொல்லுங்கோ.’

பொட்டு, கண்ணூறு, கன்னம்:
எல்லாவற்றையும் விரித்துச் சொல்லி முடித்தேன்.
‘அப்படியென்றால் சம்மதமா?’ என்று கேட்டார் மருத்துவர்.
சம்மதம்.

அறுபது வரை எண்ணினார் ட்ரான்.
எண்களையும் மாற்றினேன், எதற்கென்று தெரியாமல்.
இருபதுக்கு மேல் ரஜிதா என்னை முந்திக்கொண்டு
தானே எண்ணத் தொடங்கினாள்.

அழைப்பை வைக்கப் போகும்போது
ஆங்கிலத்தில் மறுபடி அந்தச் சின்னக் குரல்:
‘ஃபோனுக்குள்ள இருக்கிற அன்ரி,
உங்களுக்குப் பல்லு இருக்கா?’

விதிப்படி அதையும் தாய்க்குச் சொன்னேன்.
பிறகு, ‘இருக்கு’ என்றேன்.
எந்த மொழியில் என்று நினைவில்லை.