இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு

எளிய பாதை என்று துண்டுத்தாளில் போட்டிருக்கிறது.
ஏற்றம் இல்லை. குழந்தை வண்டி போகும்.
முட்டி வலிக்காரர்களுக்கு மூன்று இடத்தில் பெஞ்சு.
கார்க்லுபே ஊரை முழுக்கப் பார்க்க
ஐம்பது நிமிடம் போதும்;
கேக் கடையில் நின்றால் ஒன்றேகால் மணி.
எல்லாரும் நிற்பார்கள்.

தரையில் மஞ்சள் அம்புகள்.
ஒவ்வொரு மே மாதமும் மறுபூச்சு அடிப்பவள் நான்.
நகராட்சி தருவது ஒரு டப்பா பெயின்ட்,
அரைநாள் கூலி.
குளிர்காலத்தில் பனி வாரும் வண்டி
என் அம்புகளின் மூக்கைச் சுரண்டிவிட்டுப் போகும்.
அதனால்தான் எனக்கு வேலை.

தண்ணீர்க் கோபுரத்தில் தொடங்குங்கள்.
தண்ணீர் இல்லை, உச்சியில் நாரை இருக்கிறது.
ரயில் நிலையத்தில் கடிகாரம் ஓடுகிறது,
ரயில்தான் நின்றுபோனது.
நான்காம் பலகை பல் டாக்டர் வீடு.
இப்போது வெல்தா குடியிருக்கிறாள்.
திங்கட்கிழமைகளில் அவள் படுக்கை விரிப்பு
பலகையின் மேல்தான் காயும்.
எடுக்கச் சொன்னால்,
"அந்த டாக்டரும் விரிப்பில்தானே படுத்திருப்பார்" என்கிறாள்.
ஐந்தும் ஆறும்,
மழை என்றால், பார்க்காவிட்டாலும் குற்றமில்லை.

ஏழு, தீயணைப்பு நிலையம்.
சிவப்புக் கதவு. அதற்கு மேலே
தீயணைப்புக்குச் சம்பந்தமில்லாத வளைவு ஜன்னல்கள்.
குழாய் உலர்த்தும் அறையில் பல்பு மாற்ற ஏணி போட்ட ஓயார்ஸ்
கூரையில் நீல வர்ணத்தையும்
உரிந்தும் உரியாத வெள்ளி நட்சத்திரங்களையும் கண்டான்.
இறங்கி வந்து யாரிடமும் சொல்லவில்லை,
என்னிடம் தவிர.

யூதர்களின் ஜெப ஆலயம் அது.
பலகைக்கு வாசகம் எழுத
நூலகத்தில் மூன்று மாலை கூடினோம்.
நாற்பத்தொன்றாம் ஆண்டு வரை சரியாக வந்த வாக்கியம்
வினைச்சொல்லில் சிக்கிக்கொண்டது.
ஊரை விட்டுப் போனார்கள், என்றார் தாலிவால்டிஸ்.
காணாமல் போனார்கள், என்றாள் பள்ளி ஆசிரியை, தணிந்த குரலில்.
கொண்டுபோகப்பட்டார்கள், என்றாள் ஸ்கைத்ரீதே.
கூட்டக் குறிப்பு எழுத மட்டுமே வந்திருந்தவள்.
"யாரால் என்று கேட்பார்களே?"
காபி இயந்திரம் ஒருமுறை இருமியது.
"கேட்கட்டுமே."

தோன்றா எழுவாய் என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள்.
வாக்கியத்தில் தென்படாது,
ஆனால் வேலையைச் செய்திருக்கும்.
அன்றைக்கு அது எங்களோடு
நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தது.
சிலருடைய முகத்தில் அதன் சாடை கூட இருந்தது.
என் முகத்தை நான் பார்க்கவில்லை.

கடைசியில் பலகை வந்தது.
கட்டிய ஆண்டு. செங்கல் சூளையின் பெயர்.
"பின்னாளில் தீயணைப்பு நிலையம்."
பின்னாளில் என்ற ஒற்றைச் சொல்லுக்குள்
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்
நடந்து போய்விட்டார்கள்.

நடந்துதான் போனார்கள்.
ஏழாம் பலகையில் இடப்பக்கம் திரும்பினால் கேக் கடை.
வலப்பக்கம் பைன் காடு, பழைய சரளைக் குழி.
தூரத்தை என் சைக்கிள் மீட்டரில் அளந்தேன்.
தலைப்பைப் பாருங்கள்.
நம் சுற்றுலாப் பாதையும் அவ்வளவேதான்.

இந்த மே மாதம் டப்பாவின் அடியில்
கொஞ்சம் பெயின்ட் மிஞ்சியது.
வலப்பக்கமாக ஓர் அம்பு போட்டேன்.
கை நடுங்கியதில் வால் சற்றுக் கோணல்.
பனி வண்டி அந்தச் சாலைக்குப் போவதில்லை.

நேற்று, தூங்கும் குழந்தையை வண்டியில் தள்ளி வந்த
வெளியூர்த் தம்பதி அதன் மேல் நின்று கேட்டார்கள்:
இந்த வழி சிரமமா?

ஏற்றம் இல்லை, என்றேன்.