தோற்றம், மறைவு

கானாடுகாத்தானில் அந்த வீட்டைத் திறக்க
அறுபத்துமூன்று பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கினார்களாம்.
ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பினார்.
வளவு முழுக்க பெஞ்சு போட்டதும்
அது செயின்ட் ஏதோ மேல்நிலைப்பள்ளி.
இரண்டாங்கட்டில் ப்ளஸ் டூ, பி பிரிவு.
நெல் கொட்டி வைத்த அறைக்குப்
பெண்கள் கழிப்பறை என்று பலகை;
பலகை மட்டும்தான், உள்ளே போக முடியாது.
எங்கள் பள்ளியிலும் அப்படித்தான் சார் என்றேன்.
ஆர்ட் டைரக்டர் சந்தோஷப்பட்டார்.

எங்களில் நாற்பது பேரை வேனில் ஏற்றினார்கள்,
மாணவர்களாக நடிப்பதற்கு.
நாளைக்கு ஐநூறு. ஏஜென்ட்டுக்கு நூற்றைம்பது போக.
வருகைப் பதிவேட்டில் 'கல்விச் சுற்றுலா' என்று
ஹெட்மாஸ்டரே எழுதிக்கொண்டார்.

ஹீரோவும் ப்ளஸ் டூ.
முழங்காலில் ஸ்ப்ரே அடித்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார்.
ஒருநாள் அவர் மகன் வந்திருந்தான்.
அவன் ஒன்பதாவது.

நான்காம் நாள் உதவி இயக்குநர்
சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பதுபோல
ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்த்து
என்னிடம் நின்றார்.
"இது ஓகே. சாகிற மூஞ்சி."
முந்நூறு ரூபாய் கூடுதல்.
எதனால சார் சாகிறேன்?
"அது இன்னும் டிஸ்கஷன்ல இருக்கு.
ஹீரோவுக்குக் கோபம் வரணும், அதுக்குத்தான்."

ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த போட்டோவைக் கொடுத்தேன்.
செத்தவளுக்குக் கதையில் பெயர் வைத்திருக்கவில்லை,
காரைக்குடி ஃப்ளெக்ஸ் கடைக்காரர்
என் பெயரையே அடித்துவிட்டார்.
கண்ணீர் அஞ்சலி. மு. பொன்னழகி.
தோற்றம் சரியாக இருந்தது.
மறைவு, வருகிற வெள்ளிக்கிழமை.
அன்று மட்டும் நான் சைக்கிளை
ஓரமாக உருட்டிக்கொண்டே போனேன்.

ஷாட் முடிந்ததும் கயிறை அவிழ்க்க மறந்துபோனார்கள்.
பஸ் நிறுத்தத்தில் நான்கு நாள் தொங்கினேன்.
இரண்டாம் நாள் வலப்பக்கம் இன்னொரு ஃப்ளெக்ஸ்:
வட்டச் செயலாளர் கைகூப்பி நிற்க
அவர் தோளுக்குக் கீழே, பொத்தான் அளவில், நான்.
மூன்றாம் நாள் இடப்பக்கம் எதிர்க்கட்சி.
அதில் என் இனிஷியல் தப்பு.

பள்ளியில் சுற்றுலாவை மறந்துவிட்டு
இரண்டு நிமிட மௌனம் அறிவித்தார்கள்.
மூணாம் நம்பர் பஸ் ஹாரன் அடித்ததால்
நாற்பது நொடியில் முடிந்ததாம்.
கெமிஸ்ட்ரி டீச்சர் பேசும்போது தொண்டை அடைத்ததாம்,
துறுதுறுவென்று கேள்வி கேட்கும் பெண் என்று.
இரண்டு வருடத்தில் அவரிடம்
நான் கேட்ட ஒரே கேள்வி
தண்ணி குடிச்சிட்டு வரட்டா மிஸ்.

தேனாட்சி ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள்.
உடைந்த இதயம் மூன்று, மெழுகுவத்தி ஒன்று.
'என் உயிர்த்தோழி.'
ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால்
எண்ணெய் வாடை வருகிறதென்று
எழுந்துபோனவள்.
இருநூற்றுப் பதினேழு பேர் பார்த்தார்கள்.
இருநூற்றுப் பதினெட்டாவது நான்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் போனேன்.
ஒருத்தி வீறிட்டாள்.
டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு
பொறுப்பு இருக்கா உனக்கு என்றார்.
அம்மாவை அழைத்து வரச் சொன்னார்.
தேனாட்சி ஸ்டேட்டஸை அழித்தாள்,
அதோடு என் நம்பரையும்.

அம்மா கேட்டு வாங்கிவந்தது ஃப்ளெக்ஸைத்தான்.
மூன்றும் நல்ல கனம்.
ஐப்பசி மழைக்கு ஆட்டுக்கொட்டிலின்மேல்
தலைகீழாக நனைகிறேன்,
இரண்டு கட்சியும் இருபுறம்.
ஆடுகள் நனையவில்லை.

படம் வந்தது. காரைக்குடியில் இரண்டாம் நாள் மாட்டினி.
அஞ்சலிக் காட்சியில் மாலை தெளிவாக இருக்கிறது,
ஊதுவத்திப் புகைகூட.
கதாநாயகி அழுகிறாள், மூக்குத்தி மின்ன.
பின்னால் மங்கலாக ஒரு சதுரம், அதில் யாரோ.
தியேட்டரே விசும்பியது.
முன்வரிசையிலிருந்து தேனாட்சி
முகமெல்லாம் ஈரமாகத் திரும்பி,
இருட்டில் யாரென்று தெரியாமல்,
கர்ச்சீப் இருக்காக்கா என்றாள்.

கொடுத்தேன்.
இன்னும் திருப்பித் தரவில்லை.