மஞ்சள் கரு எங்களுக்கு

வெள்ளைக் கரு தாளுக்கு,
மஞ்சள் கரு எங்களுக்கு.
நாளைக்கு நாற்பது முட்டை உடைப்பேன்.
அடித்த நுரை அடங்க ஓர் இரவு வேண்டும்.
அதற்குள் வீடு முழுக்க மஞ்சள்:
பொரித்த மஞ்சள், மிளகாயில் புரட்டிய மஞ்சள்,
பார்த்தாலே எழுந்து ஓடும் பிள்ளைகள்.
கேப் கோஸ்ட் சந்தையில் கோழிக்காரிகள்
என்னைக் கண்டால் ஒரு பென்னி ஏற்றிச் சொல்வார்கள்.

என் கணவர் தடியஸ் மெட்ஸ்கர்
ஃப்ரீடவுனிலிருந்து நீராவிக் கப்பலில் வந்தவர்,
மூன்று பெட்டி கண்ணாடியும் ஒரு கறுப்புக் கூடாரமுமாக.
வாசல் பலகையில் இருப்பது அவர் பெயர்.
இருட்டுக்குள் நிற்பது நான்.
வெள்ளி உப்பு ஊறிய விரல்களைப் பிடித்துப் பார்த்து
"அராபா, உன் கை மட்டும் ஏன்
உன்னைவிடக் கறுப்பு?" என்பாள் தங்கை.

ஹர்மத்தான் வீசும் மாதம்.
பாலைவனத்து மாவு பல்லிடுக்கில் நறநறக்கும்.
கண்ணாடியில் பூசிய ஈரம் காயுமுன்
எடுத்துக் கழுவியாக வேண்டும்.
அப்படியொரு காலையில்
கமிஷனர் ஹாலிவெல்லின் ஆள் வந்தான்.
துறைக்கு வா. கப்பலேற்றுமுன் ஒரு படம்.
அரசாங்கக் கணக்கில்.
அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

ஓடூரோ என்றார்கள்.
காட்டுப் பக்கத்துத் தலைவர், வரி தர மறுத்தவர்.
நாற்காலி சுங்கக் கிடங்கினுடையது.
தடியஸ் பிறகு சொன்னார்:
பிடரிக்குப் பின்னால் இரும்புக் கவட்டை வைக்கப் போனேன்,
தலை அசையாதிருக்க,
கல்யாணப் பெண்ணுக்கும் பாதிரிக்கும் வைப்பதுதான்.
அவர் இரும்பைப் பார்த்தார்.
தன் கணுக்காலைப் பார்த்தார்.
நான் கவட்டைக் கழற்றி மணலில் போட்டேன்.

மூடியில் கை வைப்பது அவர், எண்ணுவது நான்,
கூடாரத் துணிக்குள்ளிருந்து, உரக்க, ஃபான்டியில்.
கோர். எபியென். எபியாசா.
கமிஷனருக்குப் புரியாது.
நாற்காலியில் இருந்தவருக்குப் புரிந்தது.
நான்கில் தலையைத் திருப்பினார்.
இடமா வலமா,
நான் இருட்டில் இருந்தேன்.
எட்டு வரை எண்ணி முடித்தேன்.

கண்ணாடியில் எல்லாம் வந்திருந்தது.
நாற்காலிக் காலின் வெடிப்பு.
சிப்பாயின் சட்டையில் இல்லாத மூன்றாவது பொத்தான்.
சங்கிலியின் ஒவ்வொரு வளையமும், எண்ணலாம்.
கழுத்துக்கு மேலே
அடுப்பை ஊதி அணைத்த மாதிரி ஒரு புகை.

இன்னொன்று எடு என்றார் ஹாலிவெல்.
அதற்குள் படகு அலைக்குள் போய்விட்டது.
வழக்கமாகப் பாடும் துடுப்புக்காரர்கள்
அன்று வாய் திறக்காமல் வலித்தார்கள்.
உதவாது, சுரண்டிவிடு என்றார்.

கண்ணாடி லிவர்பூலிலிருந்து வருகிறது, எறிய முடியாது.
நுரைக்கல் பொடியும் சாராயமும் தொட்டுத் தேய்த்தேன்.
எவ்வளவு தேய்த்தேன் என்பதை
எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை.

மே மாதம், ராணியின் பிறந்தநாள்.
ஹாலிவெல் மார்பில் புதுப் பதக்கம்.
அசையாதிருக்கத் தெரிந்த மனிதர்,
கவடு இல்லாமலே மரத்தில் செதுக்கினது போல் நின்றார்.
வெயிலில் தாளை வைத்தோம்.
மீசை வந்தது, பதக்கம் வந்தது.
தோளுக்குப் பின்னால்
யாரோ திரும்பிக்கொண்டிருந்தார்.

முட்டை கெட்டுப்போயிருக்கும் என்றேன்.
தடியஸ் வெகுநேரம் தாளை விளக்கருகே பிடித்திருந்தார்.
பிறகு, பன்னிரண்டு பிரதி கேட்டிருக்கிறார்கள் என்றார்.
பன்னிரண்டும் லண்டனுக்குப் போயின.

அவர் முகம் எனக்குத் தெரியாது.
நான்கு என்று நான் சொன்னபோது
துணிக்கு அந்தப் பக்கம்
மணல் லேசாக நெரிந்தது, அவ்வளவுதான்.

அன்றிரவும் மஞ்சள்தான்.
பெரியவன் தட்டைத் தள்ளினான்.
தின்னு என்றேன்.