பழைய பெயர்

சனி இரவு மேம்படுத்தினேன்.
நாற்பது நிமிடம் என்றது,
மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது.
வெள்ளை எழுத்துகள் திரையில் கொட்டி ஓய்ந்தபின்
'முடிந்தது' என்று ஒரே ஒரு சொல்.
அதை நம்பி வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை ஏழரைக்கு
புருல்சா எஜெயின் போன்:
"கரகோலில் எல்லாருக்கும் நெட் இருக்கிறது தம்பி,
என் ரத்தப் பரிசோதனைக் கூடத்தைத் தவிர."

பிஷ்கெக்குக்குப் போகவேண்டிய முடிவுகள் பதினேழு.
பிரசவ வார்டு டாக்டர்
இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம்.
நான் போய்ச் சேர்ந்தபோது
மலைக்குளிர் இன்னும் ஷூவுக்குள் இருந்தது.

எல்லோரும் செய்வதை முதலில் செய்தேன்.
கம்பியைப் பிடுங்கிச் செருகினேன்.
ரவுட்டரை அணைத்து முப்பது வரை எண்ணினேன்.
பல் பிரிவிலிருந்து வேறொரு கம்பி
கெஞ்சி வாங்கி வந்தேன்.
பச்சை விளக்கு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது,
தெரியும் ஆனால் சொல்லமாட்டேன் என்பதுபோல.

"வைரஸா?" என்றார் எஜெ.
"இல்லை."
"அப்போ நீதான்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கறுப்புத் திரையைத் திறந்து
இயந்திரத்திடமே கேட்டேன்:
உன்னிடம் யார் யார் இருக்கிறார்கள்?
பட்டியல் வந்தது.
ஈத்-சீரோ இல்லை.
எட்டு வருடம் அந்தப் பெயரில்தான்
இந்தக் கூடத்தின் ரத்தமெல்லாம் வெளியே போயிற்று.
அதன் இடத்தில் யாரோ புதிதாக,
இஎன்பி-மூன்று-எஸ்-சீரோ.

ஆள் புதிதில்லை.
அதே அட்டை, அதே துளை, ஓரத்தில் அதே தூசி.
மேம்படுத்தல் இரவோடிரவாகப் பெயரை மாற்றிவிட்டு
யாரிடமும் சொல்லவில்லை.
அமைப்புக் கோப்போ
பழைய பெயரைச் சொல்லிச் சொல்லி
வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு
நெய்க்கு அலைந்துகொண்டிருக்கிறது.

எஜெக்கு இதை எப்படிச் சொல்வதென்று யோசித்தேன்.
யோசிக்கத் தேவையிருக்கவில்லை.
"என் பாஸ்போர்ட்டைப் பார்," என்றார்.
"பிறந்த ஊர் பிரஷெவால்ஸ்க்.
இருக்கும் ஊர் கரகோல்.
ஒருநாளும் வீடு மாறினதில்லை நான்.
ஓய்வூதிய அலுவலகத்தில் ஒரு பெண்,
சின்னப் பெண்,
எப்போது குடிபெயர்ந்தீர்கள் என்று கேட்டாள்."

கோப்பில் பெயரைத் திருத்தினேன்.
சேவையை மறுபடி எழுப்பினேன்.
எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால்
தலைநகர் பதில் சொன்னது:
நாற்பது மில்லிவினாடி, நாற்பத்தொன்று, நாற்பது.
பெயரைச் சொன்னால்
அப்படி யாரும் இல்லை என்றது.

அதுவும் சரிதான்.
பெயர்களை எண்களாக மாற்றித் தரும் ஏட்டுக்கு
ஒரு சுட்டி மட்டும் மிச்சம்.
அது காட்டிய இடத்தில் ஏடு இல்லை,
மேம்படுத்தல் அதையும் கூட்டிப் பெருக்கியிருந்தது.
மாற்று ஏட்டுக்கான பொட்டலம் இணையத்தில்.
இணையத்துக்குப் போக ஏடு வேண்டும்.
பெட்டியைப் பூட்டிவிட்டு
சாவியை உள்ளேயே வைத்த கதை.

எஜெயின் போனை யுஎஸ்பியில் செருகினேன்.
அவருடைய டேட்டா,
பேரன் கார்ட்டூன் பார்க்க வைத்திருந்தது,
அதில் அறுபது மெகாபைட் கடன் வாங்கினேன்.
"திருப்பித் தா," என்றார், சிரிக்காமல்.

பத்து நாற்பதுக்குப் பதினேழும் போயின.
ஒவ்வொன்றின் தலைப்பிலும்
யாரோ ஒரு பெண்ணின் பெயர்,
அவள் அப்பாவின் பெயர்,
சிலவற்றில் கணவன் வீட்டுப் பெயர்.
நான் படிக்கவில்லை. கண்ணில் பட்டது.

கிளம்புமுன் கோப்பை மறுபடி திறந்தேன்.
பழைய வரியை அழிக்கவில்லை.
அதன் முன்னால் ஒரு வேலிக்குறி இட்டேன்.
இயந்திரம் இனி அதைத் தாண்டிப் போய்விடும்.
மனிதர் யாராவது திறந்தால்
இது முன்பு என்னவாக இருந்தது என்று தெரியும்.

பிரிண்டர் மட்டும் இன்னும் பேசவில்லை.
அதை நாளைக்குப் பார்க்கவேண்டும்.